சாவுப் பதிவிலிருந்து கப்பல் பட்டியல் வரை: நேட்டால் தமிழர் வம்சம் தேடும் வழி

வம்சம் தேட ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது கப்பலைத்தான். "எங்க தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாரு?" தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் எங்கள் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் கோயில் வரிசையில் நின்றாலும் சரி, கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, நான் இந்தக் காகிதங்களோடு மல்லுக்கட்டுகிறவள் என்று தெரிந்தவர்கள் பக்கத்தில் வந்து இதைத்தான் கேட்கிறார்கள். நான் சொல்லும் பதிலும் மாறுவதில்லை. கப்பலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் காலமான பெரியவர்களில் மூத்தவர் யார், அவருடைய சாவுக் காகிதம் எங்கே, அதைச் சொல்லுங்கள்.

ஏன் என்று விளக்குகிறேன். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற முதல் கப்பல், அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலின் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. 1911-இல் கடைசியாக வந்தது 'உம்லாசி'. இடைப்பட்ட காலத்தில் கரும்புத் தோட்டம், ரயில்வே, நிலக்கரிச் சுரங்கம் என்று ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள் 1,52,184 பேர். அதில் பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். இத்தனை பேருக்குள் முனுசாமி என்று ஒருவரைத் தேடினால் எத்தனை முனுசாமி கிடைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாருக்கும் ஒற்றைப் பெயர்தான். இன்று நாம் குடும்பப் பெயராகப் போட்டுக்கொள்வது அன்றைக்கு ஒருவருடைய சொந்தப் பெயர், அல்லது அவருடைய அப்பா பெயர். இரண்டு தலைமுறை பின்னால் போனால் அந்தக் குடும்பப் பெயரே காணாமல் போய்விடும்.

ஆனால் வந்தவர் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் ஓர் எண் கொடுத்தது. ஆணுக்கும் எண், பெண்ணுக்கும் எண், இடுப்பில் இருந்த குழந்தைக்கும் எண். ஒப்பந்தம் முடிந்தும் அந்த எண் அவரை விடவில்லை. கல்யாணம் பதிந்தால் அந்த எண், பிள்ளை பிறந்தால் அந்த எண், முதலாளி மேல் புகார் கொடுத்தால் அந்த எண், செத்தாலும் அந்த எண். பெயரைக் குமாஸ்தா எப்படி வேண்டுமானாலும் எழுதியிருப்பார், எண் மாறாது. அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். அதற்குப் பின்னோக்கித்தான் போக வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குக் காசு கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டைக்கு என் தம்பி மகன் விண்ணப்பிக்கப் பார்த்தபோது, கப்பல் பட்டியல் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் நல்ல தொகை கேட்டார். அவர் எடுத்துத் தருவதாகச் சொன்ன பக்கம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கக்கூடியது. ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்கள் இப்படிப் பணம் கொடுப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் இதை விவரமாக எழுத உட்கார்ந்தேன்.

முதல் இடம் ஃபேமிலிசெர்ச். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள மோர்மன் திருச்சபை நடத்தும் தளம். மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான், காசு கிடையாது. மதம் மாற்றிவிடுவார்களோ என்று என் பெரியம்மா மகள் பயந்தாள். நான் இத்தனை காலம் பயன்படுத்துகிறேன், அப்படி யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை. இந்தத் தளத்தில் நேட்டால் மாகாணச் சாவுப் பதிவேடுகள், கல்யாணப் பதிவேடுகள் எல்லாம் படமாகவே இருக்கின்றன.

பெயர் தேடும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதில் விழுந்தது எப்படியோ அப்படித்தான் எழுத்து. முனுசாமி சில இடத்தில் எம்-ஓ-ஓ-என் என்று ஆரம்பிக்கும், சில இடத்தில் எம்-யு-என். குப்புசாமி 'சி' எழுத்திலும் வருவார், 'கே' எழுத்திலும் வருவார். இந்தத் தளத்தில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த இடத்தில் எத்தனை எழுத்து இருந்தாலும் எடுத்துக் காட்டும். கேள்விக்குறி போட்டால் ஓர் எழுத்து. சந்தேகமான உயிரெழுத்தை எல்லாம் எடுத்துவிட்டு நட்சத்திரம் போடுங்கள். ஒற்றைப் பெயர்க்காரர்களை அட்டவணை போட்டவர்கள் சில சமயம் முதல் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார்கள், சில சமயம் குடும்பப் பெயர்க் கட்டத்தில். இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். பெயரையே காலியாக விட்டு, மனைவி பெயரும் ஊரும் மட்டும் போட்டுத் தேடினாலும் சில சமயம் மாட்டும்.

சில படங்களில் கேமரா அடையாளத்துக்கு மேல் சாவி போட்டிருக்கும். அதை வீட்டில் திறக்க முடியாது, அவர்களுடைய குடும்ப வரலாற்று மையத்திலோ அவர்களோடு இணைந்த நூலகத்திலோ போய்ப் பார்க்க வேண்டும். அதுவும் இலவசம்தான்.

நான் ஆர்.கே. கான் மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சாவுப் பதிவேடு என்றால் பலருக்கு ஒரு மாதிரி இருக்கும். எனக்கு அது பழகிய காகிதம், அதனால் அதில் நின்று நிதானமாகப் படிக்க முடிகிறது. ஒரு வரியில் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? இறந்தவர் பெயர், வயது, தொழில், எந்த எஸ்டேட், எந்த பாரக்ஸ் (கூலியாட்களின் வரிசை வீடு), என்ன நோய், எத்தனை நாள் நோயில் கிடந்தார், எங்கே அடக்கம், யார் வந்து அறிவித்தார். நோய்ப் பத்தியில் 'தைசிஸ்' என்று இருந்தால் காசநோய். 'டிராப்சி' என்றால் உடம்பு நீர் கோத்து வீங்கியது, இதயமோ சிறுநீரகமோ கெட்டிருக்கலாம். 'டெபிலிட்டி' என்று மட்டும் எழுதியிருந்தால் ஆள் வற்றி இறந்திருக்கிறார், டாக்டர் வந்து பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். 1918 அக்டோபர் பக்கங்களைத் திறந்தால் நெஞ்சு அடைக்கும். வரிக்கு வரி இன்ஃப்ளுவென்சா. ஒரே பாரக்ஸில் ஒரே வாரத்தில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை.

எல்லோரும் இறந்தவர் பெயரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். கடைசியில் உள்ள அறிவித்தவர் பத்தியை விடாதீர்கள். அங்கே மகன் பெயர் இருக்கும், மருமகன் பெயர் இருக்கும், சில சமயம் எஸ்டேட் மேனேஜர். என் அம்மாவின் தாத்தா இறந்ததை அறிவித்தவர் 'அண்ணன் மகன்' என்று பதிந்திருந்தது. தாத்தாவுக்கு இந்த நாட்டில் ஓர் அண்ணன் இருந்தார் என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வயதை மட்டும் நம்பாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் போய் அறிவித்திருந்தால் ஐம்பது, அறுபது என்று உருண்டையாகத்தான் சொல்லியிருப்பார்.

சாவுப் பதிவை விடப் பெரிய புதையல் சொத்துக் கோப்பு. தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்தால், டாக்டர் சான்றிதழ் ஒரு பக்கம், 'டெத் நோட்டிஸ்' என்ற படிவம் இன்னொரு பக்கம். இந்தப் படிவம், இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்துக்குப் போகும். இறந்தவர் பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர், மனைவி பெயர், கல்யாணம் எங்கே நடந்தது, எந்த வீட்டில் உயிர் போனது, பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயர், வீடு நிலம் உண்டா, உயில் உண்டா, எல்லாம் கேட்பார்கள். ஃபேமிலிசெர்ச்சில், நேட்டாலின் தலைநகர் பெயரில் உள்ள 'பீட்டர்மாரிட்ஸ்பர்க் எஸ்டேட் ஃபைல்ஸ்' என்ற தொகுப்பில் 1846 முதல் 1950 வரைக்கும் உள்ள இந்தக் கோப்புகள் இருக்கின்றன. ஏழைக்கு ஏது சொத்துக் கோப்பு என்று நினைக்காதீர்கள். ஒரு மாட்டுக்கும், இரண்டு ஏக்கர் குத்தகைத் தோட்டத்துக்கும், போஸ்ட் ஆபீஸில் கிடந்த சில பவுண்டு பணத்துக்கும் கோப்பு திறந்திருக்கிறார்கள்.

சமீப காலமாக இந்தத் தளத்தில் கம்ப்யூட்டரே பழைய கையெழுத்தைப் படித்துத் தேடும் வசதியும் வந்திருக்கிறது. முழு உரைத் தேடல் என்று தனியாக இருக்கும். அட்டவணையில் வராத பெயர்கூட, உயிலின் நடுவில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், இதில் மேலே வந்துவிடுகிறது. எங்கள் தாத்தாவின் கோப்பு இப்படித்தான் கிடைத்தது. டெத் நோட்டிஸின் அடியில் பாட்டி கையெழுத்துப் போடவில்லை, பெருவிரல் ரேகை வைத்திருந்தாள். நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரேகையின் குறுக்கே ஒரு வெட்டு. கரும்பு வெட்டும் கத்திதான் பட்டிருக்க வேண்டும். நாங்கள் மருத்துவமனையில் அந்தத் தழும்பை எத்தனை கையில் பார்த்திருக்கிறோம்! பக்கத்தில் குமாஸ்தாவின் எழுத்தில் அவள் பெயர், அடைப்புக்குறிக்குள் அவளுடைய எண். தாத்தாவின் எண்ணைத் தேடிப் போன எனக்கு முதலில் கிடைத்தது பாட்டியின் எண்.

இதே தளத்தில் மற்றவர்கள் போட்டுவைத்த வம்ச மரங்களும் இருக்கும். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய மரம் அது. துப்புக்கு வைத்துக்கொள்ளலாம், ஆதாரமாக எடுக்கக் கூடாது. மரத்தில் உள்ள பெயருக்குக் கீழே காகிதம் இணைத்திருந்தால் பாருங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

அடுத்தது தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் தேடல் தளம், என்ஏஏஐஆர்எஸ். பார்க்கப் பழைய காலத்துத் தளம் மாதிரிதான் இருக்கும், பயன்படுத்த முழுக்க இலவசம். காகிதத்தின் படம் இதில் வராது. எந்தக் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற குறிப்பும், அதில் என்ன விஷயம் என்று ஒரு வரியும் வரும். தரவுத்தளம் கேட்கும் இடத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துக்கு என்ஏபி என்பதைத் தேர்ந்தெடுங்கள். விடையில் மூலம் என்ற இடத்தில் 'ஐஐ' என்று இரண்டு எழுத்து வந்தால், அது இந்தியக் குடியேறிகள் துறையின் காகிதம். 'எம்எஸ்சிஇ' என்றால் சொத்துக் கோப்பு.

இங்கேதான் எண் கைகொடுக்கும். பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் போட்டுத் தேடுங்கள். அந்தக் காலத்தில் 'ப்ரொடெக்டர்' என்று ஓர் அதிகாரி இருந்தார், இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர். சம்பளம் தரவில்லை, அடித்தார்கள், மனைவியை வேறு எஸ்டேட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஊருக்குப் போக வேண்டும், ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரியைக் கட்ட முடியவில்லை என்று ஆளுக்கு ஆள் அவரிடம் போயிருக்கிறார்கள். அந்த விண்ணப்பங்கள் எண்ணோடு பதிவாகியிருக்கின்றன. ஆயிரக்கணக்கான பேர் கைநாட்டு வைக்கத் தெரிந்ததோடு சரி. ஆனால் தங்கள் வழக்கை வாயால் சொல்லி, யாரையோ எழுத வைத்து, அரசாங்கத்தின் மேசைவரை கொண்டுபோயிருக்கிறார்கள். நம் முன்னோர் வாயில்லாப் பூச்சிகளாகத் தலைகுனிந்து கிடந்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு மதியம் இந்தத் தளத்தில் உட்கார வேண்டும்.

குறிப்பைத் தாளில் எழுதிக்கொண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துக்குப் போனால் அசல் காகிதத்தை மேசைக்குக் கொண்டுவந்து தருவார்கள். போக முடியாதவர்கள் அந்த ஊரில் உள்ள சொந்தக்காரரை அனுப்பலாம். பெட்டி எண்ணும் கோப்பு எண்ணும் சரியாக இருந்தால் போதும், அவருக்கு வம்ச வரலாறு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சரி, எண் கிடைத்துவிட்டது. இப்போது கப்பல். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி-லுத்துலி ஆவண மையம் இருக்கிறது. பழைய டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழக நாளிலிருந்தே கப்பல் பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்த இடம் அது. இணையத்தில் பார்க்கக் காசு இல்லை. நேரில் உதவி வேண்டும் என்றால் டர்பன் டெர்பி தெருவில் 1860 பாரம்பரிய மையம் இருக்கிறது. வயதானவர்களை அங்கே அழைத்துப் போங்கள், பழைய படங்களையும் பார்த்த மாதிரி இருக்கும்.

பட்டியலில் ஓர் ஆளுக்கு ஒரு வரி. எண், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜாதி, உயரம், ஜில்லா, தாணா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். தாணா என்று போட்டிருந்தாலும் நம் பக்கத்து ஆட்களுக்கு அது தாலுகா. எல்லா வரியிலும் எல்லாப் பத்தியும் நிரம்பியிருக்காது, ஆரம்ப காலக் கப்பல்களில் இன்னும் குறைவு.

எங்கள் தாத்தாவின் வரி நிரம்பியிருந்தது. கப்பல் 'பொங்கோலா'. ஜில்லா வட ஆற்காடு, தாணா போளூர். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். அடையாளம் என்ற இடத்தில், வயிற்றில் தழும்பு.

இந்த வயிற்றுத் தழும்பை மற்றவர்கள் படித்துவிட்டுக் கத்திக்குத்தோ என்று நினைப்பார்கள். எனக்கு உடனே புரிந்தது. என் ஆயா சொல்லியிருக்கிறாள், அவள் காலத்துப் பெரியவர்கள் பலருக்குத் தொப்புளைச் சுற்றி சூடு போட்ட வடு இருந்தது என்று. கைக்குழந்தைக்கு மாந்தம் கண்டு வயிறு உப்பினால் ஊசியையோ மஞ்சள் துண்டையோ காய்ச்சித் தொடுவார்கள். அப்படியானால் போளூர் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒரு குழந்தை சாகக் கிடந்திருக்கிறது. அவன் அம்மா பதறிப்போய் சூடு போட வைத்திருக்கிறாள், குழந்தை பிழைத்திருக்கிறது. நான் நர்ஸ், சூடு போடுவதை ஒருநாளும் சரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெயர்கூடத் தெரியாத அந்த அம்மாவைப் பற்றி இந்த உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே தகவல் அதுதான். அதையும் கப்பல் டாக்டரோ குமாஸ்தாவோ சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்து எழுதியிருக்கிறார்.

ஜாதிப் பத்தியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. எங்கள் தாத்தாவின் வரியில் பறையர் என்று இருக்கிறது. இன்று எங்கள் குடும்பப் பெயரைக் கேட்டால் யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். நேட்டாலில் வந்து இறங்கிய பிறகு பலர் வேறு பட்டப் பெயரை வைத்துக்கொண்டார்கள், எஸ்டேட் குமாஸ்தா எழுதியது ஒட்டிக்கொண்டதும் உண்டு. குடும்பச் சந்திப்புக்கு இந்தப் பக்கத்தை அச்சடித்துக் கொண்டுபோனபோது, அந்த ஒரு பத்தியை மட்டும் மறைத்துவிடலாமே என்று மூத்தவர்கள் சிலர் மெதுவாகக் கேட்டார்கள். நான் மறுத்துவிட்டேன். நிலமில்லாமல், கோயிலுக்குள் போக முடியாமல் இருந்த ஓர் ஆள் கடல் தாண்டி வந்து, ஐந்து வருஷ ஒப்பந்தத்தை முடித்து, தோட்டம் போட்டு, பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். அதில் எந்தப் பகுதியை மறைப்பது? இன்னொரு பக்கம், அந்தப் பத்தியில் உயர்ந்த ஜாதி எழுதியிருப்பதைப் பார்த்து மீசை முறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். கப்பலேற்றும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அது, அல்லது எழுதினவர் ஊகித்தது. அதற்கு மேல் அதில் எதையும் ஏற்ற வேண்டாம்.

வீட்டில் சொல்லும் கதையைச் சரிபார்க்க ஒரு தேதியை நினைவில் வையுங்கள். 1866-க்கும் 1874-க்கும் நடுவில் ஒப்பந்தக் கப்பல்கள் வரவில்லை. காலனியில் பொருளாதாரம் விழுந்துபோய் ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். திரும்பிப் போனவர்கள் இங்கே பட்ட கொடுமையைச் சொன்னதால் இந்திய அரசாங்கமும் கேள்வி கேட்டது, 1872-இல் விசாரணைக் குழு உட்கார்ந்தது, அதற்குப் பிறகுதான் மறுபடி கப்பல் விட்டார்கள். எனவே பூட்டன் 1870-இல் கப்பலேறினார் என்று வீட்டில் சொன்னால், வருஷம் தவறு, அல்லது அவர் ஒப்பந்தத்தில் வரவில்லை. சொந்தக் காசில் வந்தவர்களும் மொரீஷியஸில் இருந்து வந்தவர்களும் இந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். காந்தியோடு சத்தியாக்கிரகத்தில் நின்ற தம்பி நாயுடுவே மொரீஷியஸில் பிறந்தவர்தான். அப்படிப்பட்ட குடும்பங்கள் என்ஏஏஐஆர்எஸ்ஸையும் சொத்துக் கோப்புகளையும்தான் நம்ப வேண்டும்.

சத்தியாக்கிரகம் என்றதும் ஞாபகம் வருகிறது, காந்தியின் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை. 1903-இல் டர்பனில் தொடங்கியது. சபர்மதி ஆசிரமம் நடத்தும் காந்தி ஹெரிடேஜ் போர்ட்டலில் அதன் பழைய இதழ்களை இலவசமாகப் படிக்கலாம். முதல் சில வருஷங்களில் தமிழ்ப் பகுதியும் வந்தது. போராட்டத்தில் சிறை போனவர்களின் பெயர்களை அதில் அச்சிட்டிருக்கிறார்கள். உங்கள் குடும்பம் 1913 வேலைநிறுத்தத்தின்போது நியூகாசில், டண்டீ பக்கம் சுரங்கத்தில் இருந்திருந்தால் அந்த வருஷத்து இதழ்களைக் கட்டாயம் புரட்டுங்கள். தலைவர்களின் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும், நமக்கு வேண்டியது அவர்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பெயர்கள்.

கல்லறைக் கற்களுக்கு இ-ஜிஜிஎஸ்ஏ என்ற தளம் இருக்கிறது, தன்னார்வலர்கள் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். நம்மவர்களில் புதைத்தவர்களும் நிறையப் பேர், தகனம்தான் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஊர். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம், ரொம்பப் பேர் நின்றுவிடும் கட்டமும் இதுதான். வட ஆற்காடு என்று பட்டியலில் இருக்கும், இன்றைய வரைபடத்தில் வட ஆற்காடே இல்லை. 1911-இல் அதன் வடக்குத் தாலுகாக்கள் சித்தூர் மாவட்டத்துக்குப் போயின, அது இன்று ஆந்திராவில் இருக்கிறது. மிச்சம் 1989-இல் இன்று வேலூர், திருவண்ணாமலை என்று நாம் சொல்லும் இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூரே மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. தென் ஆற்காடு இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. பழைய சேலத்தில் இருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பிரிந்தன. ஆகவே மாவட்டப் பெயரை வைத்துத் தேடாமல் தாலுகாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். போளூர் அன்றும் போளூர், இன்றும் போளூர்.

தாலுகா தெரிந்த பிறகு, இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தளத்தில் மாவட்டக் கையேடுகள் கிடைக்கும். 2011 கையேட்டில் தாலுகா வாரியாக ஒவ்வொரு கிராமத்தின் பெயரும் இருக்கிறது. கப்பல் பட்டியலின் கோணல் எழுத்தை உரக்க வாசித்துக்கொண்டே இந்தப் பெயர்களைப் பாருங்கள், காது கண்டுபிடிக்கும். டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் பெர்ரி-காஸ்டனேடா நூலகத் தளத்தில் 1950-களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட இந்திய வரைபடங்கள் இருக்கின்றன. ஏரி, ரயில் பாதை, பெரிய கிராமங்கள் எல்லாம் தெரியும். இன்டர்நெட் ஆர்கைவில் 1881-இல் காக்ஸ் எழுதிய வட ஆற்காடு மாவட்டக் கையேடு கிடைக்கும். அந்த ஊரில் என்ன பயிர், எந்தச் சந்தை, எந்தப் பஞ்சத்தில் எப்படி அடிபட்டார்கள் என்று படிக்கலாம். தமிழ்நாட்டு அரசின் தமிழ் மின்னூலகத்தையும் பாருங்கள், பழைய தமிழ்ப் புத்தகங்கள் கொட்டிக்கிடக்கின்றன. தில்லையாடி வள்ளியம்மைக்கு அவருடைய பெயரோடு ஊரும் ஒட்டிக்கொண்டு வந்ததால் அந்த ஊரை உலகத்துக்கே தெரியும். அவர் பிறந்தது என்னவோ ஜோகன்னஸ்பர்க்கில். மற்றவர்களுக்கு இப்படித் தாலுகா தாலுகாவாகத்தான் தேட வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பட்டியலை நாங்கள் மட்டும்தான் தேட வேண்டும் என்று இல்லை. ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், தஞ்சாவூர், திருச்சி பக்கத்துக் குடும்பங்களில், "எங்க தாத்தாவோட அண்ணன் அக்கரைக்குப் போனாரு, அப்புறம் சேதியே இல்ல" என்று ஒரு பேச்சு இருக்கும். அந்த ஆள் இங்கே இருந்திருக்கலாம். அவருடைய பிள்ளைகளின் பிள்ளைகள் என் தெருவில் இருக்கலாம். உங்கள் தாலுகாவின் பெயரையும் கிராமத்தின் பெயரையும் வைத்துப் பட்டியலைப் பாருங்கள். அப்பா பெயர் பத்தி இருப்பதால் உங்கள் வீட்டுப் பேச்சோடு பொருத்திப் பார்க்க முடியும். வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, போனில் பதிவு செய்துவையுங்கள்.

நாங்கள் இங்கே காகிதங்களை இழந்த விதம் உங்களுக்குத் தெரியாது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் டர்பனின் கேட்டோ மேனரில் இருந்தும் மற்ற இடங்களில் இருந்தும் எங்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்டபோது லாரியில் ஏறியது பாத்திரமும் படுக்கையும்தான். மிச்சம் இருந்த என் அக்கா வீட்டு டிரங்குப் பெட்டியை 2022 ஏப்ரல் வெள்ளம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அம்மாவின் கல்யாணச் சான்றிதழும் அதில்தான் இருந்தது. அதனால் எது கிடைத்தாலும் அன்றைக்கே போனில் படம் எடுத்து, இரண்டு பேருக்கு அனுப்பிவிடுகிறேன். இணையத்தில் பார்க்கும் பக்கத்தையும் படத்தையும் தரவிறக்கி, கோப்பின் பெயரிலேயே ஆள், வருஷம், எங்கே எடுத்தது என்று எழுதிவைக்கிறேன். டேட்டா விலை கட்டுப்படியாகாதவர்கள் நூலகத்து வைஃபையில் உட்கார்ந்து இதைச் செய்யலாம், நானும் அப்படித்தான் செய்கிறேன். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை மட்டும் எந்தப் பொது மரத்திலும் ஏற்றாதீர்கள்.

இப்போது நான் பாட்டியின் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வம்சம் என்றால் ஆண் வழி என்றே எல்லாரும் பட்டியல் போடுகிறார்கள். கப்பலில் நூறு ஆணுக்கு நாற்பது பெண் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது, அந்த நாற்பது பேருக்கும் தனித்தனி எண் உண்டு, அப்பா பெயர் உண்டு, ஊர் உண்டு. பாட்டியின் எண் அந்தப் பெருவிரல் ரேகைக்குப் பக்கத்தில் கிடைத்ததால் அவள் வரியை எடுத்துவிட்டேன். அவள் செங்கல்பட்டு ஜில்லா, கூட யாரும் இல்லாமல் வந்திருக்கிறாள், வயது 19. தாத்தாவை இங்கே வந்துதான் கட்டியிருக்கிறாள். ஆனால் அவர்களுடைய மூத்த பெண் பிறந்த பதிவில் அப்பா இடத்தில் தாத்தாவின் எண் இல்லை, வேறோர் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குரியவர் யார், பாட்டி அவரோடு எந்த எஸ்டேட்டில் இருந்தாள், அவர் என்ன ஆனார் என்று தெரிய வேண்டும். என்ஏஏஐஆர்எஸ்ஸில் அந்த எண்ணைப் போட்டால் 'ஐஐ' தொகுப்பில் ஒரு காகிதம் காட்டுகிறது. பெட்டி எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் தம்பி மகன் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிறான், நானும் கூடப் போகிறேன்.